5 விநாடிக்கு 14 மாதம்

பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆராய்ச்சி மையத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது, தானாக ஓடும் கார் மாதிரி எதையாவது கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் பேராசிரியர் கொடுத்தது ஓர் அளவு நாடா. "ஆஸ்பத்திரி எதிரில் இருக்கிற ஜீப்ரா கிராசிங்கை அளந்துவிட்டு வா" என்றார். 18 மீட்டர் இருந்தது.

அங்கே நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கி 15 விநாடியில் சிவப்பாகிவிடும். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. சிக்னல் கையேடுகளில் வெகுகாலம் புழங்கிய எண். அமெரிக்கக் கையேடு 2009-ல் அதை ஏறக்குறைய 1.07 ஆகக் குறைத்துவிட்டது. ஆனால் வேறெங்கோ குறைத்தார்கள் என்பதற்காக எந்தப் பொறியாளரும் தன் சிக்னலில் கைவைக்க மாட்டார். அந்தச் சாலையின் கணக்கு வேண்டும். அதை எடுக்க, சிக்னலைக் கவனிக்கும் அரசுத் துறையில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. மாணவர்கள்தான் கிடைத்தோம்.

வீடியோ எடுப்பதற்குமுன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். முகங்களை எப்படி மறைப்பீர்கள், பதிவை யார் யார் பார்ப்பார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டே இரண்டு மாதம் போனது. எரிச்சலாக இருந்தாலும் கேள்விகள் நியாயமானவை. அப்புறம் ஒரு கட்டட மாடியில் இடம் கிடைத்தது. அவசரத்தில் கேமராவைக் கிழக்குப் பார்த்து வைத்துவிட்டேன். ஒரு வாரக் காலைப் பதிவு முழுக்க வெள்ளை வெளிச்சம். மறுபடி முதலிலிருந்து.

எண்ணுவதுதான் நிஜமான வேலை. மென்பொருளை நம்பினோம், சேர்ந்து நடப்பவர்களை அது ஒரே ஆளாக எண்ணியது, குடை பிடித்தவர்களை ஆளாகவே மதிக்கவில்லை. சரி என்று கையால் எடுத்தோம். விநாடிக்கு 25 ஃபிரேம். ஒருவரின் கால் இந்தப் பக்க நடைபாதையை விட்ட ஃபிரேம் எண், அந்தப் பக்கம் ஏறிய ஃபிரேம் எண்; வித்தியாசத்தை 25-ஆல் வகுத்தால் நேரம். ஒரே துண்டை இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுவோம். ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் விஷயத்தில் எங்களுக்குத் தகராறே வந்தது. அவர் காலைத் தூக்கவில்லை, இழுத்து இழுத்து நடந்தார். எந்த ஃபிரேமில் கால் கிளம்பியது என்று சொல்ல முடியவில்லை. நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அவர் நடுச்சாலையில் இருக்கும்போது சிவப்பு விழுந்தது, அவர் நின்று கையைத் தூக்கினார்.

சராசரி வேகத்தை வைத்து நேரம் கொடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேர் நடுவழியில் நிற்பார்கள். அதனால் 100 பேரை வேக வரிசையில் நிறுத்தி, மெதுவான முனையிலிருந்து 15-வது ஆளின் வேகத்தை எடுப்பது வழக்கம். இங்கே அது விநாடிக்கு 0.9 மீட்டர். 18 மீட்டருக்கு 20 விநாடி. ஆக, 5 விநாடி கூடுதலாக வேண்டும்.

இதைத் துறைப் பொறியாளரிடம் பெருமையாகக் கொண்டுபோனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வண்டி எவ்வளவு தூரம் தேங்கும்?" பதில் இல்லை. திரும்பி வந்து, அந்தச் சாலையைக் கணினியில் உருவாக்கி ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் மூன்று மாதம். முன்னால் போகும் வண்டியை ஓர் ஓட்டுநர் எப்படிப் பின்தொடர்கிறார் என்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்தில் வீடெமான் என்ற ஆய்வாளர் 1974-ல் ஒரு கணித மாதிரியை உருவாக்கினார். நாங்கள் ஓட்டிய மென்பொருளின் அடியில் இன்றும் அதுதான் இருக்கிறது. ஆனால் அப்படியே ஓட்டினால் திரையில் எல்லோரும் நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் பணிவாக நிற்பார்கள். எங்கள் வீடியோவில் இருந்தவர்கள் மாதிரி நடந்துகொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில், நெரிசல் நேரத்தில் இரண்டு மூன்று வண்டி கூடுதலாக நிற்கும், மற்ற நேரத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று வந்தது.

ஒரு மாதச் சோதனைக்கு அனுமதி கிடைக்கும் நேரத்தில் அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போனார். புதியவர் "இது என்ன?" என்று ஆரம்பித்தார். துறையில் கோப்பைக் காணோம், எங்கள் அலமாரியில் இருந்தது. ஆராய்ச்சி மையத்தின் அருமை எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். 140 பக்க அறிக்கையை அவர் புரட்டக்கூட இல்லை. நான் ராத்திரியோடு ராத்திரியாக எழுதிய ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்த ஒரு பக்கத்தை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை மாதத்தில் சிவப்பு விழும்போது சாலையில் மாட்டிக்கொண்டவர்களை மறுபடி எண்ணினோம். நன்றாகவே குறைந்திருந்தார்கள். 20 விநாடி நிலைத்தது. "விபத்து குறைந்தது என்று போட்டுக்கொள்ளலாமா?" என்று துறையில் கேட்டார்கள். அதைச் சொல்லப் பல வருடக் கணக்கு வேண்டும் என்று பேராசிரியர் மறுத்துவிட்டார். அவர்களுக்கு வருத்தம்தான்.

நான் மையத்தை விட்டு வந்து கொஞ்ச நாளில் ஒரு ஜூனியர் போன் செய்தாள். அதே வீடியோவை எடுத்து, நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிற்கும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாளாம். "அக்கா, முதல் வாரம் முழுக்க ஏன் வெள்ளையாக இருக்கிறது?" என்று கேட்டாள்.