கடலோரத்தில் நிற்கும் காரின் அடிப்பாகக் கறள்: மாரிக்கு முன் செய்த வேலை

திருகோணமலையின் உப்புவெளியில் கடற்கரைக்கு மிக அண்மையில் நிறுத்தப்படும் எங்களுடைய பழைய நிசான் சனிக் காரின் அடிப்பாகத்தில் படர்ந்திருந்த கறளை நீக்கி, மாரி மழை தொடங்குவதற்கு முன்பே பாதுகாப்புப் பூச்சும் இட்டு முடித்துவிட்டேன். கறள் என்றவுடன் நம்மில் பலர் நேரே கம்பித் தூரிகையைத்தான் தேடுகிறோம். ஆனால் நம் ஊரில் அதற்கு முன் உப்பை அகற்றியாக வேண்டும் என்பதால், அந்தக் கட்டத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சமதளத்தில் காரை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திய பின்னரே அடியில் படுத்தேன். வெறும் ஜக்கை நம்பி ஒருவரும் காரின் கீழே போகக் கூடாது. சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டு போனபோது பெரும்பாலான இடங்கள் கணீரென்று ஒலித்தன. திருகாணி முடுக்கியின் முனையால் அழுத்தியும் தகடு இளகவில்லை. ஆகவே கறள் மேற்பரப்பைத் தாண்டவில்லை என்று முடிவு செய்தேன். பின் மட்காட்டுகளின் உட்புறமும் இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ஓரங்களும் மோசமாக இருந்தன. எஞ்சினுக்குப் பின்னால், நெடுங்காலமாக எண்ணெய் கசிந்து படிந்திருந்த பகுதியில் மட்டும் தகடு புதிது போல இருந்தது. நீரும் காற்றும் இரும்பைத் தொடாமல் ஒரு மெல்லிய படலம் தடுத்தாலே போதும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கறளுக்கு இரும்பும் ஒட்சிசனும் நீரும் போதும்; உப்பு அதை விரைவுபடுத்துகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டும்போது தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைட்டோ 33 சதவீதமளவிலேயே அதைச் செய்துவிடும். ஆகவே கடற்காற்றில் நனைந்த தகடு, மழையே இல்லாத ஆடி ஆவணியிலும் முழுமையாக உலர்வதில்லை. அந்த உப்போடு தேய்த்தால் அது இரும்பின் நுண்குழிகளுக்குள் தங்கி, மேலே எவ்வளவு நல்ல தீந்தை பூசினாலும் அடியிலிருந்து கொப்புளமாக எழும்பும். இதனால் முதலில் சேற்றைச் சுரண்டி எடுத்து, மட்காட்டின் மடிப்புகளையும் நீர் வடியும் துளைகளையும் திறந்து, ஊறவிட்டு ஊறவிட்டுப் பல தடவை கழுவினேன். எங்கள் வீட்டுக் கிணற்று நீர் சவர் கலந்தது என்பதால் குழாய் நீரையே பயன்படுத்தினேன். கரையோரத்தில் வசிப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

நன்றாக உலர்ந்த பிறகு, கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து, உதிரும் கறளைக் கம்பித் தூரிகையாலும், அகலமான தட்டையான இடங்களில் கிறைண்டரில் பூட்டிய தூரிகையாலும் எடுத்தேன். பெற்றோல் தாங்கிக்கும் அதன் குழாய்களுக்கும் அருகில் தீப்பொறி பறக்கக் கூடும் என்பதால் அங்கே கிறைண்டரைக் கொண்டு செல்லவேயில்லை. பிறேக் எண்ணெய்க் குழாய்களை நுண்மையான மண்தாளால் கையாலேயே மெதுவாகத் துடைத்தேன்.

குழிகளில் எஞ்சிய மெல்லிய கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றி பூசினேன். அது இரும்பு ஒக்சைட்டை இரும்புப் பொஸ்பேட்டாக மாற்றுகிறது. செந்நிறம் மறைந்து சாம்பலும் கறுப்புமான ஒரு படலம் தோன்றும். தடித்த செதில்களுக்குள் அது ஊடுருவாது என்பதால் தேய்க்கும் வேலையை அது மிச்சப்படுத்தாது.

அடுத்து பிறைமர் என்னும் அடிப்பூச்சு. கச்சான் காற்று நிலப்பக்கமிருந்து உலர்வாக வீசும் ஒரு காலைப் பொழுதைத் தெரிந்தெடுத்து, பிற்பகலில் கடற்காற்று எழும்புவதற்குள் சிங்க் பொஸ்பேட் கலந்த எபொக்சி பிறைமரைப் பூசி முடித்தேன். துலக்கிய இரும்பை இங்கே ஓர் இரவு வெறுமனே விட்டாலே மீண்டும் செம்மை படர்ந்துவிடும்.

மேற்பூச்சு பற்றி எங்கள் ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கும் மாமா, "தம்பி, தார்ப் பூச்சை நல்லாத் தடிப்பா அடிச்சு விடுங்கோ, பிறகு பார்க்கத் தேவையில்லை" என்றார். அவருடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் "பார்க்கத் தேவையில்லை" என்பதே எனக்கு உடன்பாடில்லை. தார்ப் பூச்சு காலப்போக்கில் வெடித்தால் அந்த வெடிப்பினூடே புகும் உப்புநீர் உள்ளேயே தங்கிவிடும். கறள் வெளியே தெரியும்போது தகடு ஓட்டையாகியிருக்கும். அதனால் மெழுகு கலந்த கறள் தடுப்புத் திரவத்தைத் தேர்ந்து, நீண்ட குழாய் மூலம் வடிதுளைகளின் வழியே பெட்டி வடிவச் சட்டங்களுக்குள்ளும் செலுத்தினேன். பிறேக் தட்டுகளிலும் சைலன்சரிலும் ரப்பர் புஷ்களிலும் அது படாதவாறு மூடிவைத்தேன். துளைகள் அடைபடவில்லை என்பதை இறுதியில் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தேன்.

இப்போது மாரி இறங்கிவிட்டது. அண்மையில் மீண்டும் அடியில் பார்த்தபோது மட்காட்டின் உட்புறம் சுத்தமாக இருந்தது. இடப்பக்கப் பின் ஓரத்தில், தகடுகள் பொருந்தும் இடத்தில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு வடிந்திருக்கிறது. அங்கே மெழுகைத் திரும்பவும் செலுத்தியிருக்கிறேன். தை பிறந்து வெயில் நிலைத்ததும் அந்தப் பொருத்தைத் துலக்கி, பிறைமரின் மேல் பொருத்து அடைப்பானும் இட வேண்டியுள்ளது.