எந்த ஊர் என்று கேட்ட பிறகு

கொழும்பில் இரண்டு தமிழர் சந்தித்தால் பெயருக்கு அடுத்தபடி வருவது "எந்த ஊர்?" என்ற கேள்விதான். யூனியன் பிளேஸில் நான் வேலை செய்த கந்தோரில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், புத்தளம் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருந்தோம். சிங்களத்தில் மட்டும் சுற்றறிக்கை வந்தால் எல்லோருக்கும் ஒரே கோபம் வரும். 1987இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, இன்னும் இப்படியா என்று சேர்ந்து புலம்புவோம். ஆனால் எங்களுக்குள் யார் யாரை எங்கே வைத்திருக்கிறோம் என்ற கதையை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரம் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கமான ஹட்டனில் இருந்து புதிதாக வந்த பிள்ளையிடம், "உம்மைப் பாத்தா தோட்டத்துப் பிள்ளை மாதிரியே இல்லை, வடிவாக் கதைக்கிறீர்" என்றார். பாராட்டித்தான் சொன்னார். அந்தப் பிள்ளை சிரித்தது, சாப்பாட்டுப் பார்சலைப் பாதியில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு எழும்பிப் போனது.

பின்னேரம் பஸ் ஹோல்ட்டுக்கு நடக்கும்போது, அந்தப் பேச்சு பிள்ளையை நோகடித்துவிட்டது என்று அக்காவிடம் நேராகவே சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்?" "தெரியும் அக்கா, அதாலதான் உங்களிட்ட வந்து சொல்றன், வேற ஆளெண்டா விட்டிருப்பன்." இந்த மாதிரிக் கதையை எல்லார் முன்னாலும் எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். கூட்டத்தில் சொன்னால் மனிதர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், கேட்கமாட்டார்.

அக்கா சில நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்புறம் அவராகவே அந்தப் பிள்ளையிடம் போய் இருந்தார். இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்தால் நாடற்றவராகிப்போன தன் பாட்டிக்கு 2003இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் குடியுரிமை கிடைத்தது, பாட்டியின் தங்கை குடும்பம் இரு நாடுகளும் 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டது, அதற்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் காணவே இல்லை என்றெல்லாம் பிள்ளை சொல்ல, "எங்களுக்கு இதெல்லாம் ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே" என்று அக்கா அழுதார். போரில் வீட்டை விட்டு ஓடிய தன் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னார்.

புத்தளத்து முஸ்லிம் தம்பியின் விஷயம் இவ்வளவு லேசாக முடியவில்லை. ஊரைக் கேட்டால் யாழ்ப்பாணம் என்பான், உடனே "இல்லை, உண்மையான ஊர்?" என்று கேட்பார்கள். அவனுடைய வாப்பா யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது சில மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பிய குடும்பம். இதைச் சொன்னால் எங்களில் சிலர் இன்றைக்கும் பேச்சை மாற்றுகிறார்கள். அவர்களிடமும் ஒவ்வொருவராகத்தான் கதைத்து வருகிறேன், ஒருவர் மட்டும் இதுவரை காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.