அம்மாவை மனநல ஓ.பி.க்குக் கூட்டிப்போன கதை

மூன்று தடவை அலைந்தோம். அதில் இரண்டு தடவை வீண். எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். விடியற்காலை 3 மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அதற்கு முன்னே அம்மா எழுந்து கட்டன் சாயா போட்டுவிடுவாள். போன வருஷம் அப்பா தவறிவிட்டார். அம்மா மட்டும் 3 மணிக்கு எழுவதை விடவில்லை. எழுந்து அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு குறைந்தது. நெஞ்சு கனக்கிறது என்றாள். ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. வயிற்றில் கேஸ் என்று மாத்திரை எழுதினார்கள். ஒன்பது மாதம் அந்த மாத்திரையிலேயே ஓடியது.

மனநல டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "எனக்குப் பைத்தியம் ஒண்ணும் இல்ல மக்களே" என்று சொல்லி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஒரு ராத்திரி 14416-க்குப் போன் போட்டேன். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். "தூக்கத்துக்காக டாக்டரைப் பார்ப்போம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, அது பொய்யில்லையே" என்றார் அந்தப் பக்கம் பேசிய பெண். அம்மா கிளம்பிவிட்டாள்.

இரண்டு பஸ் மாறி ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓ.பி. சீட்டுக் கவுண்டரில் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். உள்ளே இருந்தவர் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "மெண்டல் டாக்டரா? யாருக்கு, இவங்களுக்கா?" என்றார். பின்னால் நின்ற பெண் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே வெளியே நடந்துவிட்டாள். மறுபடி அவளை அந்தப் பக்கம் கூட்டிப்போக ஆறு வாரம் ஆனது.

போனால் டாக்டர் லீவு. முதல் நாளே போனில் கேட்டிருக்கலாம், அது என் தப்பு.

மூன்றாவது தடவைதான் டாக்டரைப் பார்த்தோம். எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை மணிக்கு விழிப்பு, பகலில் பேச யார் இருக்கிறார்கள், கடன் உண்டா என்று பொறுமையாகக் கேட்டார். சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா என்று கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தாள். டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். கூடப் போகிறவர்கள் அந்த இடத்தில் தாங்களாகவே எழுந்துவிடுவது நல்லது.

அப்புறம் பழைய ரிப்போர்ட் கேட்டார். வீட்டில், பீரோவுக்குள்! தைராய்டு டெஸ்ட் புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. டி.எஸ்.எச். 18, நாலரைக்குள் இருக்க வேண்டியது. இது ஏறினால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று அர்த்தமாம். தைராய்டு குறைந்தாலும் சோர்வும் மனவாட்டமும் வரும் என்றார். அதோடு அப்பா போன துக்கம், கெட்டுப்போன தூக்கம், நான் மார்த்தாண்டத்தில் வேலைக்குப் போனபின் ஆளில்லாத வீடு, எல்லாம் சேர்ந்து மன அழுத்த நோயாகியிருக்கிறது என்றார். 3 மணி விழிப்பை நான் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். இந்த நோயில் அப்படி முன்கூட்டியே விழித்துக்கொள்வதும் உண்டாம்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரமாவது கழித்துத்தான் சாயா குடிக்க வேண்டும். அம்மாவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மன அழுத்த மாத்திரை வேலை செய்ய இரண்டு வாரம், நான்கு வாரம்கூட ஆகும். முதல் சில நாள் குமட்டும். இதை டாக்டர் சொன்னார், நான்தான் அம்மாவிடம் அழுத்திச் சொல்லவில்லை. ஆறாம் நாளே "மருந்து கேக்கல" என்று நிறுத்திவிட்டாள். மாத்திரை அட்டை அப்பா படத்துக்குப் பின்னால் இருந்தது. டாக்டரிடம் கேட்டுத் திரும்பத் தொடங்கினோம். தினமும் மாத்திரையை நானே கையில் கொடுக்கிறேன்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் மீன்காரியிடம் அம்மா, "இந்தச் சாளைக்கு நூறு ரூவாயா? கண்ணைப் பாரு, நேத்து பிடிச்சது" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன்.

அடுத்த மாதம் ரிவ்யூ. கவுண்டருக்கு நான் மட்டும் போவதாக இருக்கிறேன். சீட்டு கைக்கு வரும்வரை அம்மா எதிர்த்த சாயாக்கடையில் இருக்கட்டும்.