தேங்காய் துருவி அல்ல

ஜூன் 8, 2024, சனி

அம்பத்தூரில் மூடிவிட்ட ஒரு பேட்டர்ன் கடையிலிருந்து (வார்ப்படத்துக்கு மர மாதிரி செய்யும் கடை) ஏப்ரலில் வாங்கிய ரேடியல் ஆர்ம் ரம்பத்தோடு (மேசைக்கு மேலே நீளும் கையில் மோட்டாரும் வட்ட பிளேடும் தொங்கும் ரம்பம்) ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய உதிரிகளும் வந்தன. இன்றுதான் கொட்டிப் பார்த்தேன். ஸ்பேனர், வாஷர்கள், கூடவே ஒரு ஜாண் நீள இரும்புக் கம்பி. கம்பியின் நுனியில் தளர்வாக ஆடும் இரண்டு நகங்கள், அவற்றின் விளிம்பில் பற்கள். நடுவில் மெல்லிய வட்டத் தகடு. எல்லாம் துரு. டீசலில் ஊறப் போட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

"தேங்காய் துருவியா?" என்றாள் மனைவி. என் ஊகமும் பெரிய உசத்தி இல்லை. 1922-இல் ரேமண்ட் டிவால்ட் உருவாக்கிய காலத்திலிருந்தே இந்த ரம்பம் சகல வேலைக்குமான இயந்திரம். மோட்டாரின் மறுமுனையில் டிரில் சக், சாண்டிங் டிரம் எல்லாம் மாட்டலாம். அதனால் இதுவும் சுற்றுகிற சாமான்தான் என்று நாள் முழுக்க மோட்டார் தண்டோடு மல்லுக்கட்டினேன். எதிலும் பொருந்தவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

வில்லிவாக்கத்து ஆசாரி வந்தார். பல்லைக் கட்டைவிரலால் தடவினார். "இது வெட்டுற சாமான் இல்ல தம்பி. ஒரு பக்கமாத்தான் கீறுது பாருங்க."

அப்புறம்தான் பிளேடு மூடியின் பின்பக்கத்தில் இருந்த துளை கண்ணில் பட்டது. கம்பி அதில் சொருகிக்கொண்டது. ஒரு திருகு, அவ்வளவுதான்.

ஜூன் 15, சனி

பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தேன். பிளேடைத் தடுப்புக்கட்டைக்கு இணையாகத் திருப்பி, நகங்களைப் பலகையின் மேல்பரப்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே தொங்கவிட்டேன். மூடியின் மூக்குப் பக்கமிருந்து (நகங்கள் இல்லாத முனை) தள்ளினால் பலகை நகங்களைத் தூக்கிக்கொண்டு வழுக்கிப் போகிறது. பின்னால் இழுத்தால் பற்கள் கவ்வுகின்றன. நீளவாக்கில் அறுக்கும்போது மரம் பிளேடை இறுக்கிப் பிடித்தால், தள்ளுகிறவர் மேலேயே பாயும். அந்தப் பாய்ச்சலுக்குத்தான் இந்த நகம். வட்டத் தகடு அறுத்த பிளவுக்குள் நின்று அது மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது.

சரி, எதிர்ப் பக்கமிருந்து தள்ளினால்? பலகை நுழையவே இல்லை. முட்டிக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் நான் மாம்பலகையைத் தள்ளியது அந்தப் பக்கமிருந்துதான். பிளேடு அதை என் கையிலிருந்து பிடுங்கி, எதிரே இருந்த ஷெட் கதவில் அடித்தது. தகரத்தில் பள்ளம் இன்னும் இருக்கிறது. மரத்தில் முடிச்சு என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

மூக்குப் பக்கமிருந்து நாலு தேக்கு ரீப்பர் அறுத்தேன். சத்தமில்லாமல் வந்தன என்று சொல்ல முடியாது, ஆனால் ஒழுங்காக வந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் நகம் இழுத்த மெல்லிய கீறல்கள். இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்ததும் போய்விட்டன.