நெல்லுக்குப் போக மிச்சத் தண்ணீர்

மீன்துறை என்றால் என்ன என்று நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படகுப் பதிவு, டீசல் மானியம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அதற்கான நிவாரணம் என்று அவர்களுக்கும் அந்த ஆபீசுக்கும் வருடம் முழுக்கக் கொடுக்கல் வாங்கல் உண்டு. தஞ்சாவூர், பாபநாசம், மன்னார்குடி என்று உள்ளே வந்துவிட்டால் கதை வேறு. "இங்க ஏதுங்க கடலு? இங்க எதுக்கு மீன் ஆபீசு?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். நான் உள்நாட்டு மீன்வளப் பிரிவில் மீன்வள உதவியாளர். படிநிலையில் அடியில் இருக்கிற வேலை. ஆனாலும் கிராமங்களில் நான் "மீன் சார்".

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது தமிழில் எழுதப் படிக்கத் தெரியுமா என்று பார்ப்பதோடு, நீந்தத் தெரியுமா, வலை வீசத் தெரியுமா, பின்னவும் கிழிந்ததைச் சரிசெய்யவும் தெரியுமா என்றும் பார்ப்பார்கள். நான் போன அன்றைக்குப் பெரிய பட்டம் வாங்கியவர்களெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீச்சு வலையோடு வரிசையில் நின்றார்கள். வலை வட்டமாக விரிந்து விழ வேண்டும். சிலருக்கு அது சுருண்ட பாயாக விழுந்தது. எனக்கு அதில் சிரமம் இல்லை. எங்கள் வீடு மண்ணியாற்றங்கரை. தாத்தா ஊத்தா, அதாவது அடி திறந்த மூங்கில் கூடை, குத்தி விரால் பிடித்த மனிதர்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் வலையைவிடக் காலண்டர் முக்கியம் என்று தெரிந்தது. டெல்டாவில் தண்ணீர் நெல்லின் சொத்து. மேட்டூரைத் திறப்பது வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. நடுவில் குறுவை, சம்பா, தாளடி என்று நெல் பருவங்கள். எந்த மதகை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது, எப்போது முறைவைத்து விடுவது என்பதெல்லாம் நாற்றங்காலையும் நடவையும் பார்த்து முடிவாகிறது. மீனுக்காக யாரும் ஒரு பலகையைக்கூடத் தூக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மீன் இங்கே ஒட்டுக்குடித்தனம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நெல் விளையாவிட்டால் மீன் வாங்க யாரிடம் காசு இருக்கும்? ஆனால் என் வேலை முழுக்க அந்த ஒட்டுக்குடித்தனத்துக்குள்தான் நடக்கிறது.

முதல் சில வருடங்கள் ஒரு மீன்விதைப் பண்ணையில் இருந்தேன். வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள். ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டையிடும். குளத்தில் எத்தனை வருடம் வளர்த்தாலும் தானாக இடாது. 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார். இப்போது அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினம் என்று கொண்டாடுகிறோம். அப்போது மீனின் தலையைத் திறந்து சுரப்பியை எடுக்க வேண்டும். இப்போது மருந்து குப்பியில் வருகிறது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சினை மீன்களைப் பிரிப்போம். ஆணின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும், பெண்ணுக்கு வழவழப்பு. பெண்ணின் வயிறு மெத்தென்று இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம், ஊசி வீண். புத்தகத்தில் எப்படிப் போட்டிருந்தாலும் கை பழகாமல் இது வராது. ஊசி போட்டு வட்டத் தொட்டியில் விட்டுவிட்டால், தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கும். மீனுக்கு அது ஆற்று வெள்ளம். விடிவதற்குள் முட்டை இடும். ஊறிப் பருத்த முட்டைகள் ஜவ்வரிசி போலக் கண்ணாடியாகச் சுற்றி வரும். பதினைந்து, இருபது மணி நேரத்தில் பொரிந்துவிடும். அந்த இரவுகளில் கரண்ட் போனால் பண்ணையே ஜெனரேட்டர் அறைக்கு ஓடும். தண்ணீரின் சுழற்சி நின்றால் முட்டைகள் அடியில் குவிந்து மூச்சுமுட்டிப் போகும்.

மூன்றாம் நாள் நுண்குஞ்சுகளை நாற்றங்கால் குளத்துக்கு மாற்றுவோம். ஆமாம், நெல்லுக்கு மாதிரி மீனுக்கும் நாற்றங்கால் என்றுதான் சொல்வோம். அதைத் தயார்செய்வது தனி வேலை. களை மீன்களைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கு போட வேண்டும். அதன் விஷம் இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகும், பிறகு அதுவே உரம். அப்புறம் சுண்ணாம்பு, சாணி, கடலைப் புண்ணாக்கு. குஞ்சு விடுவதற்கு முன்னால் எண்ணெயும் சோப்பும் கலந்து மேலே தெளித்து நீர்ப்பூச்சிகளை ஒழிக்க வேண்டும். இல்லையென்றால் பூச்சிகளே பாதியைத் தின்றுவிடும். இவ்வளவு செய்தும் நுண்குஞ்சில் பாதி பிழைத்து விரல்நுனி அளவுக்கு வந்தால் அது நல்ல குளம்.

எல்லாம் சரியாக நடந்து குஞ்சு தயாராகிவிடும். வாங்க ஆள் வராது. ஏனென்றால் மேட்டூர் திறந்திருக்காது. பண்ணைக்குப் போர்வெல் இருக்கிறது. விவசாயியின் குளத்துக்கு வாய்க்கால்தான். 2017-இல் அக்டோபர் 2 அன்றுதான் திறந்தார்கள். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28. நெல்லுக்காவது குறுவையை விட்டுச் சம்பாவுக்குத் தாவலாம். பொரித்த குஞ்சை மறுபடி முட்டைக்குள் அனுப்ப முடியாதே. நெரிசலில் போட்டு, தீனியைக் குறைத்து, சாகாமலும் வளராமலும் வைத்திருப்போம். ஆந்திராவில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள்: ஒரு வருடம் ஒடுக்கி வைத்த குஞ்சு, பெரிய குளத்தில் விட்டதும் விறுவிறுவென்று வளரும் என்பதால் அங்கே நல்ல விலை. நம் ஊர் விவசாயியிடம் அதைச் சொன்னால், "வத்தல் குஞ்சைத் தள்ளிவிடப் பாக்குறீங்களா தம்பி?" என்பார்.

எண்ணிக்கை விஷயத்தில் அவர் பேச்சில் நியாயம் இருக்கும். குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. சின்ன சல்லடைக் கோப்பையால் ஒரு கோப்பை மொண்டு எண்ணி, அதை வைத்துப் பெருக்குவோம். கோப்பையைத் தளும்ப மொள்கிறோமா தலைதட்டி மொள்கிறோமா என்று வாங்குகிறவர் கண் கொட்டாமல் பார்ப்பார். நெல் அளக்கிற மரக்காலைப் பார்த்துப் பழகிய கண்.

பண்ணையை விட்டு வெளி வேலைக்கு வந்த பிறகு ஆற்றில் குஞ்சு விடுகிற திட்டங்களில் நிறைய நின்றிருக்கிறேன். சேல் கெண்டை, கல்பாசு போன்றவற்றை ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் கொண்டுபோவோம். முந்தின நாள் குஞ்சுகளைப் பட்டினி போட வேண்டும். வயிறு காலியாக இருந்தால்தான் பைத் தண்ணீர் கெடாது. ஆற்றங்கரைக்குப் போனதும் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரமாவது தண்ணீரில் மிதக்கவிட வேண்டும், இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகும் வரை. இங்கேதான் சிக்கல். பந்தல் போட்டிருக்கும், பெரியவர்கள் வந்திருப்பார்கள், கேமரா தயாராக இருக்கும். அவர்களைக் கால் மணி நேரம் வெயிலில் காத்திருக்கச் சொல்கிற தைரியம் யாருக்கு? நான் கண்டுபிடித்த வழி, வண்டி வந்ததுமே பைகளை மிதக்கவிட்டுவிடுவது. நாதஸ்வரமும் சால்வையும் முடிவதற்குள் குஞ்சு தயாராகிவிடும். சால்வை போடுவது நீண்டால் முன்பு எரிச்சலாக இருக்கும். இப்போது நான் பேச்சாளர்களை ஊக்குவிக்கிறேன்.

விட்டதில் எத்தனை பிழைத்தது? எல்லோரும் கேட்பார்கள். விட்ட கணக்கு எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. ஆற்றில் வலை வீசுகிறவர் கையில் கிடைக்கும் கணக்குதான் உண்மையானது. அதை நாங்கள் அவரிடம் ஒழுங்காகக் கேட்டு வாங்குவதில்லை. என் பார்வையில் இந்தத் திட்டங்களின் பெரிய ஓட்டை அதுதான். இலக்கை விடும் எண்ணிக்கையில் வைத்தால் வேலை கரையோடு முடிந்துவிடும்.

கொள்ளிடக்கரைக் கிழவர்களிடம் பேசினால் உல்லம் மீன் வந்துவிடும். வங்காளத்தில் ஹில்சா என்று கொண்டாடுகிறார்களே, அது. கடலிலிருந்து வெள்ளத்தை எதிர்த்துக் காவிரியில் ஏறி வந்து முட்டையிட்ட மீன். 1934-இல் மேட்டூர் வந்து, வெள்ளத்தைப் பிடித்து வைத்துப் பாசனத்துக்கு அளந்து விடத் தொடங்கிய பிறகு அந்த வரத்து படுத்துவிட்டது. அணையால்தான் டெல்டாவில் மூன்று தலைமுறை நிம்மதியாகச் சோறு தின்றது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வலையில் அதிகம் விழுவது ஜிலேபிதான். வாய்க்குள் குஞ்சை வைத்துக் காக்கிற மீன். நாம் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும். அதைவிடத் தொல்லை ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-லேயே வளர்க்கத் தடை வந்துவிட்டது. ஆனாலும் தோப்புக்கு நடுவே, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் என்று குளங்கள் இருக்கும். கோழிக்கழிவு நாற்றமே வழி காட்டிவிடும். ஜேசிபி வைத்து, பிளீச்சிங் பவுடர் கொட்டிப் புதைக்கும்போது குளத்துக்காரர் திட்டுவார். "ஆறு மாசத்துல கிலோ கணக்குல வருது. நீங்க குடுக்குற ரோகு வருதா?" அவர் சொல்லும் கணக்கு சரி. ஆனால் ஒரு மழைக்குக் கரை உடைந்தால் அந்த மீன் வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போய் விராலையும் குரவையையும் தின்னும். அதற்குக் கணக்கு எழுதுகிறவர் யாரும் இல்லை.

புதுத்தண்ணீர் வரும் வாரம்தான் எங்களுக்குக் கடுமையான வாரம். மதகுக்குக் கீழே மீன் எதிரேறும். சினை மீனும் குஞ்சும் ஒன்றாக ஏறும். அந்த இடத்தில் கொசுவலையைக் கட்டிவிடுவார்கள். அதில் அரிசி அளவுக் குஞ்சுகூடத் தப்பாது. கருவாட்டுக்குக்கூட ஆகாத அதைக் கோழிக்குப் போடுவார்கள். பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்டு வந்து கரண்ட் வைப்பவர்கள் வேறு ரகம். 1897-ஆம் வருடத்து மீன்வளச் சட்டமே வெடியும் விஷமும் கூடாது என்கிறது. கரண்டைப் பற்றி அன்றைக்கு யார் யோசித்தார்கள்? ஊத்தாவும் தூண்டிலும் வைத்திருப்பவர்களை நான் எதுவும் சொல்வதில்லை. அது சமையலுக்குப் பிடிக்கிற மீன். மேலும், கொசுவலை எங்கே கட்டியிருக்கிறது என்று எனக்குப் போன் போட்டுச் சொல்பவர்களே அவர்கள்தான்.

காட்டிலாகாவோடு வேலை முட்டிக்கொள்வது பண்ணைகளில். நாற்றங்கால் குளத்துக்கு நீர்க்காகம் கூட்டமாக வரும். மேலே வலை கட்டினால் கொக்கு சிக்கிக்கொள்ளும். பறவை செத்தால் வனத்துறை கேள்வி கேட்கும், மீன் போனால் எங்கள் துறை கேள்வி கேட்கும். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகள் இரண்டும் 2022-இல் ராம்சர் பட்டியலுக்கு, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலுக்கு, போயின. அந்தப் பறவைகளுக்கு எல்லை தெரியாது. பக்கத்துக் குளத்து மீனும் அவற்றுக்கு ஏரி மீன்தான். வண்ண நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் கட்டிப் பார்த்தோம், முதல் வாரம் பயந்தன. ஆள் நடமாட்டத்தைவிட நல்ல மருந்து இல்லை. நீர்நாய் வந்துவிட்டால் அதுவும் செல்லாது. ராத்திரியில் குடும்பத்தோடு வரும், பெரிய மீனாகப் பார்த்துத் தின்னும். குளத்துக்காரருக்கு எரிச்சல், எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம்; நீர்நாய் இருக்கிறது என்றால் ஆற்றில் இன்னும் மீன் இருக்கிறது. கொள்ளிடத்தில் அணைக்கரை ஊர்ப் பக்கம் குஞ்சு விடப் போனால் முதலையையும் பார்த்துத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். அங்கே எச்சரிக்கைப் பலகையை யாரும் அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

ஜனவரி 28-க்குப் பிறகு ஆறு மணலாகும். வளைவுகளில் ஆழமான பள்ளங்களான மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். ஆற்றின் மொத்த மீனும் அங்கே வந்து ஒதுங்கும். அடுத்த வருடத்துக்கான சினை மீனும் அதில் இருக்கும். டீசல் மோட்டார் வைத்து இரண்டே நாளில் ஒரு மடுவை இறைத்துவிடலாம், இறைக்கிறார்கள். ஏரி, குளங்களில் இதே கதைக்குக் காரணம் காகிதத்தில் இருக்கிறது. மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கு. ஜூன் 30-இல் முடியும். அடுத்த வருடம் ஏலத்தில் யார் எடுப்பார் என்று தெரியாதபோது, குத்தகைக்காரர் எதற்குச் சினை மீனை விட்டுவைப்பார்? கடைசிச் சேறு வரை அரித்துவிட்டுத்தான் போவார். அவரைத் திட்டிப் பயனில்லை. குத்தகையைப் பல வருடங்களுக்கு நீட்டி, கடைசி ஒன்றரை அடித் தண்ணீரை இறைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தாலே ஏரி தன் குஞ்சைத் தானே பார்த்துக்கொள்ளும். கூட்டங்களில் இதைச் சொல்லியிருக்கிறேன். குறித்துக்கொள்கிறார்கள்.

அதுவரைக்கும் எங்களுக்கு உதவி லஸ்கர்கள்தான். மதகைத் திருகுகிற ஆட்களுக்கு எந்த வாய்க்கால் எந்த ராத்திரி அடைபடும் என்று ஆர்டர் வருவதற்கு முன்பே வாடை தெரியும். ஒருவர் எனக்கு இப்படித்தான் போன் செய்வார்: "சார், நாளன்னிக்கு இறக்கிடுவாங்க. மடுவுக்குள்ள போற மாதிரி கொஞ்சம் இழுத்து மெதுவா இறக்குறேன், ஆள அனுப்புங்க." மொத்தமாக அடைத்தால் மீன் மேட்டில் மாட்டிக்கொள்ளும். சிறுகச் சிறுக இறக்கினால் ஓட்டத்தோடு மடுவுக்குப் போய்ச் சேரும். நெல்லுக்கு இதனால் ஒரு சொட்டும் நஷ்டமில்லை. இது எந்தத் திட்டத்திலும் வராது, எந்தப் பதிவேட்டிலும் எழுத இடமில்லை. இந்த வருடம் பக்கத்துப் பிரிவு லஸ்கர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.