மதிலுக்கு மேலால் ஒரு சைக்கிள்

இன்று காலை, எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில், ஒரு பையன் தன் சைக்கிளை மதிலுக்கு மேலால் தூக்கி மறுபக்கம் நின்ற தோழனிடம் கொடுத்தான்.

மதிலுக்கு அப்பால் தெரிவது அவனுடைய பள்ளிக்கூடக் கூரைதான். முறையாகப் போவதென்றால் ஏ-9 வீதிக்கு ஏறி, லொறிகளுக்கு ஒதுங்கி, அடுத்த ஒழுங்கையால் மீண்டும் உள்ளே வரவேண்டும்.

ஒரு நகரின் வீதித் தொடர்பை அளப்பவர்கள் நாற்சந்திக்கு 4, முச்சந்திக்கு 3, வழி முடியும் ஒழுங்கைக்கு 1 என எண்ணிச் சராசரி காண்பார்கள்; சராசரி குறைந்தால் தொடர்பும் குறைவு. கிளிநொச்சியில் காணிகள் துண்டாடப்படும்போதெல்லாம் அந்த ஒன்றுகளே பெருகுகின்றன. வீட்டை இடித்துக் கட்டலாம். வீதியின் கோடு தலைமுறைகளுக்கு நிற்கும்.

முன்பு இவ்விடத்துக் கிடுகுவேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழைந்து போகும் இடைவெளி, இருந்தது. அதை அடைத்து மதில் எழுப்பியவர்களுள் நானும் ஒருவன்.