கம்போடியாவுக்குத் தன்னார்வ வேலைக்கு, லாவோஸ் வழியாக

கம்போடியாவின் பட்டம்பாங் பக்கம் ஒரு கிராமப் பள்ளி. அங்கே உள்ளூர் ஆங்கில ஆசிரியர்களுக்குத் துணையாக ஆறு மாதம் இருக்கவேண்டும். சம்பளம் கிடையாது, தங்க இடமும் மதியச் சாப்பாடும் உண்டு. அதில் சேருவதற்கு முன் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று சுற்றிவிட்டு, கடைசி எல்லையைத் தரைவழியாகத் தாண்டிப் போய்ச் சேருவது என்று முடிவு செய்தேன். கிளம்பியது 2024 பிப்ரவரியில்.

இப்படிப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பட்ஜெட்டைப் பற்றித்தான். என்னைக் கேட்டால் பணம் இரண்டாவது. வேலைக்கான காகிதங்களை ஊரிலேயே முடித்துவிட்டுத்தான் பையில் துணி வைக்கவேண்டும். நம் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தருகிற சான்றான போலீஸ் கிளியரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு வேலை என்றால் நல்ல அமைப்பு எதுவும் அது இல்லாமல் சேர்த்துக்கொள்ளாது. ஊரில் இருந்தால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்ததும் வாங்கிவிடலாம். வெளிநாட்டுக்குப் போனபிறகு கேட்டால் இந்தியத் தூதரகம் வழியாகப் போகவேண்டும். விசாரணை எப்படியும் நம் ஊரில்தான் நடக்கும். லாவோஸின் லுவாங் பிரபாங்கில் உட்கார்ந்துகொண்டு, "வீட்டுக்குப் போலீஸ் வந்தாங்களாம்மா?" என்று அம்மாவுக்குப் போன் போடுகிற நிலை யாருக்கும் வேண்டாம்.

அமைப்பைத் தேடும்போது முதலில் வந்து விழுந்தவை குழந்தைகள் காப்பகங்கள்தான். "இரண்டு வாரம் குழந்தைகளோடு இருங்கள்" என்பார்கள், அதற்கு நம்மிடமே கட்டணமும் கேட்பார்கள். கம்போடியாவில் காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள் என்பது பலமுறை வெளிவந்த விஷயம். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்ப்பதாலேயே சில இடங்கள் நடக்கின்றன. அந்தப் பக்கமே போகவில்லை. உள்ளூர் ஆசிரியர்தான் பாடம் நடத்துவார், நீங்கள் கூட இருந்தால் போதும் என்று சொன்ன இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. விமான டிக்கெட் தளமும் விசா படிவமும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. ஒன்று ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடு என்னும், இன்னொன்று வேறு ஏதாவது சொல்லும். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றபோதே பலர் விழித்துக்கொண்டார்கள். எனக்கும் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நேரம் வந்திருந்ததால், அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் பிரித்துப் போட்டு வாங்கிவிட்டேன். அப்புறம் ஒரு படிவமும் மக்கர் செய்யவில்லை.

தடுப்பூசியில் எதை விட்டாலும் வெறிநாய்க்கடி ஊசியை விடாதீர்கள். கடிபடுவதற்கு முன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டால், பிறகு கடித்தாலும் இன்னும் இரண்டு ஊசி போதும், கடித்த இடத்தில் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து தேவைப்படாது. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் அந்த மருந்து இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. கம்போடியக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு நாய், எல்லாம் அவிழ்த்துவிட்டதுதான்.

வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் இழுத்தது. "கம்போடியான்னா கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய்ப் பூட்டி வைக்கிறாங்களே, அந்த ஊரு தானடா?" என்றார் அம்மா. அந்தப் பயம் நியாயமானது. இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய நம் ஊர்ப் பையன்கள் மீட்கப்பட்டு வந்த செய்தி அப்போது அடிக்கடி வந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியும் அதையேதான் கேட்டார். "தம்பி, சம்பளம் இல்லாம ஆறு மாசம் யாராவது போவாங்களா? யார் அனுப்புறது?" அமைப்பின் கடிதம், பள்ளியின் முகவரி, அங்கே பொறுப்பாளரின் போன் நம்பர், போலீஸ் கிளியரன்ஸ், வங்கிக் கணக்கு விவரம், கம்போடியத் தலைநகர் நோம்பென்னிலிருந்து திரும்பும் டிக்கெட் எல்லாம் பிரிண்ட் எடுத்து ஒரே கோப்பில் வைத்திருந்தேன். வரிவரியாகப் படித்தார். போனில் காட்டியிருந்தால் இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருப்பாரா தெரியாது. எனக்குக் கோபமே வரவில்லை. இன்னும் நாலு கேள்வி கூடக் கேட்கட்டும்.

தாய்லாந்து சுலபம். இந்தியர்களுக்கு அப்போது 30 நாள் விசா இல்லாமலே அனுமதி. பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் சியாங் மாய் போனேன். வயல்களையும் காடுகளையும் எரிக்கிற பருவம் அது, மலையே தெரியவில்லை, தொண்டை எரிச்சல்தான் மிச்சம். வடக்குத் தாய்லாந்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தவிர்த்துவிடுங்கள்.

சியாங் கோங்கில் பாலத்தைத் தாண்டினால் லாவோஸின் ஹுவே சாய். எல்லையிலேயே விசா, எனக்கு 40 டாலர். நோட்டில் ஒரு சின்னக் கிழிசல், ஒரு பேனாக் கோடு இருந்தாலும் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அங்கிருந்து மீகாங் ஆற்றில் இரண்டு நாள் படகு. பழைய வேன்களிலிருந்து கழற்றிய சீட்டுகளைப் பலகைத் தரையில் ஆணிகூட அடிக்காமல் வரிசையாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் காலை நீட்டினால் நம் சீட்டும் சேர்ந்து நகரும். பின்பக்கம் எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. வழியில் துறை என்று எதுவும் இல்லை, மணல்திட்டில் படகின் மூக்கை இடித்து நிறுத்துவார்கள். ஒரு பாட்டி அரிசி மூட்டையும் காலைக் கட்டிய சேவலுமாக இறங்கினார். மூட்டையைத் தூக்கிக் கொடுத்ததற்குக் கைப்பிடி ஒட்டரிசிச் சோற்றை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறிப் போனார். இரவு பாக்பெங்கில் தங்கல். லுவாங் பிரபாங் துறை ஊருக்கு வெளியே தள்ளி இருப்பதால் டுக் டுக்குக்குச் சில்லறை தயாராக இருக்கட்டும். அங்கிருந்து தலைநகர் வியன்டியனுக்கு 2021இல் வந்த புது ரயில், இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

வியட்நாமுக்கு இ-விசா, 25 டாலர், 90 நாள் வரை. எந்த வாயிலில் நுழைவோம், எதில் வெளியேறுவோம் என்று படிவத்திலேயே குறிக்கவேண்டும். நான் ஹனோய் விமான நிலையம், மொக் பாய் எல்லை என்று போட்டேன். பைக் ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று. நம் ஆர்.டி.ஓ. தருகிற சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி வருவது. வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கையை. ஆகவே அங்கே அது செல்லாது. விடுதியில் கேட்காமலே வண்டி தருவார்கள், ஆனால் விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். வேலைக்குப் போகிற வழியில் காலை உடைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வடக்கே மலைப்பகுதியான ஹா ஜியாங்கில் ஓட்டுநர் ஓட்ட, பைக்கின் பின்சீட்டில்தான் போனேன்.

ஹோ சி மின் நகரிலிருந்து நோம்பென் பஸ். மொக் பாய் தாண்டினால் கம்போடியப் பக்கம் பாவெட். பஸ் உதவியாளர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் விசாக் கட்டணத்தையும், அதற்கு மேல் கொஞ்சம் டாலரையும் சேர்த்து வாங்கிக்கொள்வார். வருவது சுற்றுலா விசா, டி (T) வகை, 30 டாலர். வேலைக்கு வருகிறவருக்கு அது உதவாது. அதை ஒரே ஒரு மாதம்தான் நீட்டிக்க முடியும், உள்ளே இருந்துகொண்டு மாற்றவும் முடியாது. 35 டாலர் கொடுத்து வாங்கும் இ (E) வகைதான் உள்ளேயே நீட்டிக்கக்கூடியது. பாஸ்போர்ட்டை உதவியாளரிடம் கொடுக்காமல் நானே கவுண்டருக்குப் போய், கடிதத்தைக் காட்டி இ வகை வாங்கினேன். "பஸ் நிற்காது" என்று மிரட்டினார். நின்றது.

பட்டம்பாங் போனதும் நீட்டிப்பு வேலை. வீட்டு உரிமையாளர் நம்மை அரசின் வெளிநாட்டினர் பதிவுச் செயலியில் பதிவு செய்திருந்தால்தான் நீட்டிப்பே கிடைக்கும். சாவி வாங்கும் அன்றே இதைக் கேட்டுவிடவேண்டும். எங்கள் வீட்டுக்கார அக்காவுக்குச் செயலி பிடிபடவில்லை, பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வந்து முடித்துக்கொடுத்தார். அதற்குள் ஏப்ரல் 13 வந்துவிட்டது. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் கம்போடியர்களின் கெமர் புத்தாண்டும். அலுவலகம், பள்ளி, கடை எல்லாம் மூடி, ஊரே சொந்தக் கிராமத்துக்குப் போயிருந்தது. முதல் வகுப்பு அதற்கு அடுத்த வாரம்தான். ஏப்ரலில் போய்ச் சேருவதாக இருந்தால் இருபதாம் தேதிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், வியட்நாமில் இன்னும் சில நாள் இருக்கலாம்.